இரோதியின் வாத்துக் குட்டை

அஸ்கானா, குரியா
1983 மார்ச் 6

திபிலீசி மாநகரில் கண்ணுக்குத் தெரியாத ஜந்துக்களுக்குச் சோறு ஊட்டி வளர்க்கும் மகாராணி சியாலாவுக்கு, அவளுடைய தாய்மாமன் பொலிகார்ப்பே எழுதுவது.

இனி உனக்குக் கடிதமே எழுதுவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அதை உனக்குத் தெரிவிக்க வேறு வழி இல்லாததால்தான் இந்தக் கடிதம்.

உன் நிச்சயதார்த்த விருந்தில் நடந்ததை நான் மறக்கவில்லை. நான் மறந்தாலும் ஊர் மறக்க விடாது. இந்த மலைக்கு இந்தப் பக்கம் எந்த விருந்து நடந்தாலும் அதற்குத் தலைவன், தமாதா, நான்தான். மேசையின் தலைப்பக்கம் நின்று நான் மதுக்கொம்பைத் தூக்கி வாழ்த்துச் சொல்ல ஆரம்பித்தால் காட்டில் கரடிகூடக் குட்டியை அதட்டி உட்கார வைத்துவிட்டுக் கேட்கும். செத்துப்போன உன் அம்மாவுக்காக, என் ஒரே தங்கைக்காக, அன்றைக்கு வாழ்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு இருமல் வந்தது. மிகச் சின்ன இருமல். அதைக் கேட்டு எல்லையில் துருக்கிக் காவலர்கள் துப்பாக்கியைத் தூக்கினார்கள் என்பதெல்லாம் பொறாமைக்காரர்கள் கட்டிவிட்ட கதை. அந்த நேரம் பார்த்து நீ என்ன செய்தாய்? அத்தனை பேர் முன்னால் என் கையிலிருந்து கொம்பைப் பிடுங்கினாய். பிடுங்கி யாரிடம் கொடுத்தாய்? இரோதியிடம்! என் தமாதா நாற்காலியை முப்பது வருஷமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு பார்த்தவனிடம்! ஓதரின் அப்பன், உனக்கு மாமனாராகப் போகிறவன் என்பதால் அவன் மனுஷனாகிவிடுவானா?

அலாவெர்தி என்று நம்மிடம் ஒன்று இருக்கிறது. தமாதா பாதி வாழ்த்தில் நிறுத்தி, ஒருவன் பெயரைச் சொல்லி, 'அலாவெர்தி' என்று கொம்பை நீட்டினால் மீதியை அவன் சொல்லி முடிக்கலாம். நானாக நீட்டினால் அது மரியாதை. நீயாகப் பிடுங்கினால் அது வழிப்பறி.

என் உடம்பு பிரமாதமாக இருக்கிறது. காலையில் ஒரு கிண்ணம் சளி, மாலையில் ஒரு கிண்ணம். ஆஸ்பத்திரியில் போட்ட ஊசிகளை அடுக்கினால் இங்கிருந்து பதூமி வரை வேலி கட்டலாம். உன் அத்தை அக்ரபீனா என்னை மிரட்டி ஜாடியில் துப்ப வைத்து ஓதரிடம் கொடுத்தனுப்பினாளே, அது வந்து சேர்ந்ததா? எனக்கு அக்கறை இல்லை. அவள்தான் கேட்கச் சொன்னாள்.

இதுவே கடைசிக் கடிதம்.

பொலிகார்ப்பே

❖

திபிலீசி
மார்ச் 15

அன்புள்ள மாமா,

கடைசிக் கடிதம் கிடைத்தது. அடுத்த கடைசிக் கடிதத்தையும் சீக்கிரம் எழுதுங்கள்.

கொம்பைப் பிடுங்கியது நான்தான். மன்னிப்புக் கேட்கமாட்டேன். நீங்கள் இருமிவிட்டுக் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தீர்கள். அதில் ரத்தம் இருந்ததை மேசையில் நான் ஒருத்திதான் பார்த்தேன். அம்மாவைப் பற்றிய வாழ்த்து என்பதால் நீங்கள் நிறுத்தப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் யார் நிற்கிறார் என்றுகூடப் பார்க்கவில்லை. கைக்கு எட்டிய ஆளிடம் கொடுத்தேன்.

ஜாடி வந்தது. உங்கள் சளியை கிருமிக்குத் தீனியான கூழ் பூசிய கண்ணாடித் தட்டில் தடவி வளர்த்தோம். மறுநாள் மூடியைத் திறந்தேன். மாமா, நம் வீட்டு நிலவறை மணந்தது! இசபெல்லா திராட்சை நசுக்கிய வாசனை. இந்தக் கிருமிக்கு அப்படி ஒரு குணம் உண்டு: பச்சை நிறமாய்ப் படரும், திராட்சை போல மணக்கும். எங்கள் பெரிய டாக்டர் அம்மா முகர்ந்துவிட்டு, "இவரு குரியாக்காரர்தான், சந்தேகமே இல்ல" என்று சிரித்தார். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

சின்ன வயதில் உங்களுக்கு வந்த கக்குவான் இருமலில் மூச்சுக்குழாய்கள் தளர்ந்து பைபையாகிவிட்டன. அந்தப் பைகளில் சளி தேங்குகிறது, சளியில் இது குடியிருக்கிறது. எந்த ஊசிக்கும் இப்போது அசைவதில்லை. இன்னொரு குளிர்காலம் இப்படியே போனால் நுரையீரலில் பாதி மிஞ்சாது என்கிறார் டாக்டர் அம்மா. ஆள் மிஞ்சுவாரா என்று நான் கேட்டேன். அவர் தட்டை மூடி என் கையில் கொடுத்தார்.

எங்கள் நிலையத்தின் வேலையே கிருமியைத் தின்னும் கிருமிகளை வளர்ப்பது. கிருமிதின்னி என்று வைத்துக்கொள்ளுங்கள். அது மனிதனை ஒன்றும் செய்யாது. தனக்குப் பிடித்த ஒரே ஒரு கிருமியைத் தேடிப் போய்த் தின்னும். பிடித்துவிட்டால் அந்தப் பச்சைத் தட்டில் ஓட்டை ஓட்டையாக விழும். எங்களிடம் இருக்கும் அத்தனை தின்னிகளையும் உங்கள் தட்டில் விட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட வாய் வைக்கவில்லை.

ஆகவே புதிது தேட வேண்டும். கிருமிதின்னி அழுக்குத் தண்ணீரில்தான் கிடைக்கும். சாக்கடை, குட்டை, மாட்டுத்தொழுவ வாய்க்கால் என்று எங்கிருந்தாவது பாட்டிலில் பிடித்து அனுப்புங்கள்.

கல்யாணம் அக்டோபரில், திராட்சை அறுவடை முடிந்ததும். என் கல்யாண மேசைக்கு நீங்கள்தான் தலைமை என்று அம்மாவுக்கு வாக்குக் கொடுத்தது நினைவிருக்கிறதா? அந்த நாற்காலியை உங்களுக்காக வைத்திருக்கிறேன். ஆனால் ரத்தம் துப்பிக்கொண்டு வருபவரை அதில் உட்காரவிட மாட்டேன்.

உங்கள் சியாலா

❖

அஸ்கானா
ஏப்ரல் 2

கிருமிகளின் சமையற்காரிக்கு,

உன் கடிதத்தை அக்ரபீனாவுக்குப் படித்துக் காட்டினேன். ரத்தம் வந்த வரியைத் தாண்டிப் படித்தேன். அவள் என் கையிலிருந்து பிடுங்கித் தானே படித்துவிட்டாள். இந்தக் குடும்பத்துப் பெண்களுக்குப் பிடுங்குவது ரத்தத்திலேயே இருக்கிறது.

திராட்சை மணம் பற்றி எழுதியிருந்தாய். எனக்கு ஆச்சரியமே இல்லை. என் நெஞ்சில் குடியிருக்கும் எதுவும் நல்ல சாதித் திராட்சையாகத்தான் இருக்கும். அது என் வீட்டுக்கு வந்த விருந்தாளி. வந்த விருந்தாளியை எழுந்து போ என்று நம் பரம்பரையில் யாரும் சொன்னதில்லை. அதனால்தான் அது இத்தனை வருஷம் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. இப்போது நீ சொல்வதால், நாசூக்காகக் கிளப்பிவிடச் சம்மதிக்கிறேன்.

பாட்டில்கள் இந்தப் பேருந்து ஓட்டுநரிடம் வருகின்றன. உலகத்தில் இதுவரை யாரும் சேர்க்காத சேகரம். தேயிலை ஆலைக் கழிவு வாய்க்காலில் இறங்கிப் பிடித்தேன், செருப்பு போய்விட்டது. பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் பிடித்தேன், மானம் போய்விட்டது. பள்ளிக்கூடச் சாக்கடையில் பிடித்தபோது வாத்தியார் வெளியே வந்து, "மாமா, என்ன தேடுறீங்க?" என்றார். "என் ஆயுச" என்றேன். பாவம், அவரும் கொஞ்ச நேரம் குனிந்து தேடினார்.

ஓதர் வந்து, "எங்க வாத்துக் குட்டையிலயும் ஒரு பாட்டில் பிடிங்க மாமா, அதைவிட நாத்தம் பிடிச்ச தண்ணி ஜில்லாவுலயே கிடையாது" என்றான். நல்ல பையன். ஆனால் இரோதியின் வாத்து உச்சா போன தண்ணீரால் எனக்கு உயிர் பிச்சை வேண்டாம். அதற்கு நான் இருமியே சாவேன்.

பொலிகார்ப்பே

❖

திபிலீசி
மே 4

அன்புள்ள மாமா,

உட்கார்ந்துகொண்டு படியுங்கள். பக்கத்தில் அத்தை இருக்கட்டும்.

தேயிலை ஆலை தோற்றது. பன்றிக் கொட்டகை தோற்றது. பள்ளிக்கூடம் தோற்றது. கூடையின் அடியில், உங்கள் கையெழுத்து இல்லாத ஒரு பாட்டில் இருந்தது. வாயில் சோளத்தக்கை அடைத்து, அத்தையின் பழைய முக்காட்டுத் துணியில் சுற்றியிருந்தது. உள்ளே ஒரு வெள்ளை இறகு மிதந்தது.

அந்தத் தண்ணீரை வடிகட்டி உங்கள் தட்டில் ஒரு சொட்டு விட்டேன். மறுநாள் காலையில் பச்சை எல்லாம் ஓட்டை. சல்லடை மாதிரி ஓட்டை மாமா! நான் போட்ட கூச்சலில் பக்கத்து அறையில் யாரோ குடுவையைக் கீழே போட்டார்கள். டாக்டர் அம்மா என்னைக் கட்டிக்கொண்டு, "எந்த ஊர்த் தண்ணிடி இது?" என்றார். நான் சொன்னேன். உங்களுக்கும் இப்போது தெரிந்திருக்கும்.

அத்தையைத் திட்டாதீர்கள். அவர் அந்த வயதில் சகதியில் முட்டி போட்டுப் பிடித்தது உங்களுக்காக.

அதிலிருந்து வளர்த்து, சுத்தம் செய்து, கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து அனுப்பியிருக்கிறேன். கிணற்றடிக் குளிர்ச்சியில் வையுங்கள். காலையும் மாலையும் முதலில் கனிமத் தண்ணீர் குடியுங்கள், வயிற்றுப் புளிப்பு அடங்கட்டும். பிறகு ஒரு குப்பி விழுங்குங்கள். இன்னொரு குப்பியைக் கூட வரும் கருவியில் ஊற்றினால் பனி போல வரும், மூச்சில் இழுங்கள். அதற்கு முன்னால் கட்டிலில் தலை கீழே தொங்கக் குப்புறப் படுத்து, யாராவது முதுகில் தட்டிச் சளியை இறக்க வேண்டும். ஒயினோடு சேர்க்கவே கூடாது. ஒரு வேளையும் விடக்கூடாது.

உங்கள் சியாலா

❖

அஸ்கானா
ஜூன் 10

வாத்துகளின் தூதுவருக்கு,

உன் கடிதத்தைப் படித்ததும் நான் சுருண்டு விழுந்தேன். ஆகாயம் கறுத்தது. கோழிகள் கூண்டுக்குப் போய்விட்டன. அக்ரபீனா மட்டும், "எழுந்து கனிமத் தண்ணியக் குடிங்க" என்றாள். அவளோடு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் உப்பு எங்கே என்று கேட்க வேண்டியதாயிற்று.

குடிக்கிறேன் அம்மா, குடிக்கிறேன். உன் மருந்துக்கு இங்கே கிடைத்திருக்கும் புகழைச் சொன்னால் நம்பமாட்டாய். ஊரே உன்னை வாழ்த்துகிறது! எப்படி என்று கேள். முதல் நாள் சாயங்காலம் குப்பியை உடைத்துக் கையில் எடுத்தேன், தபால்காரன் கிராமித்தோன் இருமிக்கொண்டே வாசலில் வந்து நின்றான். ஒரு மனுஷன் வாசலில் நிற்க, நான் தனியாகக் குடிப்பதா? மிருகமா நான்? அவனுக்கும் ஒன்று உடைத்தேன். நின்றபடியே ஒரு வாழ்த்துச் சொன்னேன், குடித்தோம். "நெஞ்சு லேசாயிடுச்சு மாமா!" என்று அவன் ஊரெல்லாம் சொன்னான். மறுநாள் ஆலைக்காரர் இரண்டு பேர். அதற்கு மறுநாள் ஒரு வண்டி நிறைய. இருமல் உள்ளவன், இல்லாதவன், இருமல் வரலாமோ என்று பயப்படுகிறவன், எல்லோரும் மாலையானால் என் முற்றத்தில். சமாதானத்துக்கு ஒரு குப்பி, பெற்றோருக்கு ஒரு குப்பி, உனக்கு ஒரு குப்பி. இப்படி ஒரு கண்ணியமான விருந்தை நான் நடத்தியதே இல்லை. ஒரு சொட்டு ஒயின் கிடையாது!

என் பங்கு சில நாள் கிடைக்கும், சில நாள் கிடைக்காது. தமாதா கடைசியில்தானே குடிக்க வேண்டும். சளியில் பெரிய மாற்றம் இல்லை. நேற்று கொஞ்சம் சிவப்பு. ஆனால் ஊர் சுகமாக இருக்கிறது. இன்னும் ஒரு பெட்டி அனுப்பு.

பொலிகார்ப்பே

❖

திபிலீசி
ஜூன் 18

மாமா,

அந்தக் குப்பிகளில் இருந்தது உங்கள் நெஞ்சில் இருக்கும் அந்த ஒரு கிருமியை மட்டுமே தின்னும். கிராமித்தோனுக்கு அது வெறும் தண்ணீர். ஆலைக்காரர்களுக்கு வெறும் தண்ணீர். இருமல் வரலாமோ என்று பயந்தவனுக்கும் வெறும் தண்ணீர். இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்காகச் செய்த மருந்தை அந்த ஒரு ஆள் மட்டும் குடிக்கவில்லை.

அரைகுறையாகக் குடித்தால் என்ன ஆகும் தெரியுமா? தப்பிப் பிழைத்த கிருமி பழகிக்கொள்ளும். அப்புறம் அந்தக் குட்டையும் நமக்கு உதவாது.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு டாக்டர் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். பாதிக்கு மேல் சொல்ல முடியவில்லை, அழுதுவிட்டேன். அவர் திட்டவில்லை. "நல்ல மனுஷங்களுக்கு வைத்தியம் பாக்குறதுதான்டி கஷ்டம்" என்றார்.

புதிய சளி அனுப்புங்கள். குட்டைத் தின்னி இன்னும் கடிக்கிறதா என்று பார்க்கிறேன். கடித்தால் மறுபடி அனுப்புவேன். தனியாகக் குடிப்பதென்றால் குடிக்கிறேன் என்று எழுதுங்கள். இல்லை என்றால் அதையும் எழுதுங்கள். அக்டோபரில் அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் உங்கள் நாற்காலியும் காலியாக இருக்கும் என்றால் எனக்கு அந்தக் கல்யாணம் வேண்டாம்.

சியாலா

❖

அஸ்கானா
ஜூலை 21

என் கண்ணே சியாலா,

நான் அனுப்பிய ஜாடிக்குப் பதில் வந்துவிட்டது. குப்பிகளும் எனக்கு வந்து சேர்ந்தன, அது இன்னும் கடிக்கிறது என்று நீ எழுதிய துண்டுச் சீட்டும். அதை நான் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

தனியாகக் குடித்துப் பார்த்தேன். நிலவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, திருடன் மாதிரி. தொண்டையில் இறங்கவில்லை. பொய் சொல்லவில்லை, கையைத் தூக்கினால் எதிரில் ஒரு முகம் இல்லை, வாய் திறக்க மாட்டேன் என்கிறது. அக்ரபீனாவிடம் சொன்னேன். அவள் முக்காட்டைப் போட்டுக்கொண்டு பாலத்தைத் தாண்டிப் போனாள். திரும்பி வரும்போது பின்னால் இரோதி. கையில் கனிமத் தண்ணீர் பாட்டில்.

"யோவ், விஷம் குடிக்க உனக்குத் துணை வேணுமாமே?"

"விஷம் இல்லய்யா. உன் வாத்துக் குட்டை."

"அதைத்தான் சொல்றேன்" என்று உட்கார்ந்தான்.

அன்றிலிருந்து காலையும் மாலையும் வருகிறான். அவன் தண்ணீரைத் தூக்குவான், நான் குப்பியைத் தூக்குவேன். வாசலில் எவனாவது இருமினால், "கடை மூடியாச்சு, போ" என்று விரட்டுகிறான். குப்பிப் பெட்டியின் மேலேயே உட்கார்ந்துகொள்கிறான். அந்த உடம்பை நகர்த்த எருது வேண்டும்.

முதுகில் தட்டும் பொறுப்பையும் அக்ரபீனாவிடமிருந்து அவனே எடுத்துக்கொண்டான். கட்டிலிலிருந்து தலையைத் தொங்கப் போட்டு, ஜார்ஜியாவின் மிகப் பெரிய தமாதா வௌவால் மாதிரிக் கிடக்கிறேன். முப்பது வருஷத்துப் பகையை அவன் என் முதுகில் தீர்த்துக்கொள்கிறான். சத்தம் கேட்டுப் பக்கத்துக் கிராமத்தில் யாரோ கம்பளத்தைத் தூசி தட்டுகிறார்கள் என்று நினைத்தார்களாம்.

"வலிக்குதா சம்பந்தி?"

"இல்ல."

"அப்ப நான் சரியா அடிக்கல."

ஆனால் சளி இறங்குகிறது. பச்சை வெளுத்து வருகிறது. ஜூலையில் இதுவரை சிவப்பு இல்லை. நேற்று பாலம் வரை நிற்காமல் நடந்தேன். அங்கே போய் அந்தக் குட்டையைப் பார்த்தேன். ஒரு வாத்து என்னைப் பார்த்தது. தொப்பியைக் கழற்றினேன். யாரிடமும் சொல்லாதே.

உன் மாமா

❖

திபிலீசி
செப்டம்பர் 12

அன்புள்ள மாமா,

ஆகஸ்டு ஜாடியின் தட்டு நேற்றுத் தயாரானது. மூடியைத் திறந்து முகர்ந்தேன். திராட்சை வாசனை இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும் அளவுக்குத்தான் இருக்கிறது. முன்பு புல்வெளியாகப் படர்ந்தது, இப்போது அங்கே ஒன்று இங்கே ஒன்று.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். அது முழுக்கப் போகாது. தளர்ந்த குழாய் தளர்ந்ததுதான். உங்கள் விருந்தாளி மூலையில் அமைதியாக உட்காரக் கற்றுக்கொண்டிருக்கிறான், அவ்வளவே. குளிர் வந்தால் மறுபடி எழுந்திருப்பான். நாமும் மறுபடி ஜாடி, மறுபடி தட்டு, ஒருவேளை மறுபடி வேறு குட்டை தேட வேண்டியிருக்கும். முதுகில் தட்டுவது சாகும்வரைக்கும். என் மாமனார் இதைக் கேட்டுச் சந்தோஷப்படுவார்.

நீங்கள் மேசைக்குத் தலைமை தாங்க டாக்டர் அம்மா சம்மதித்துவிட்டார். நீளமான வாழ்த்து கூடாது என்றார். "குரியாக்காரர் பேச்சைக் குறைக்க எனக்கு மருந்து தெரியாது" என்றும் சொன்னார்.

நாற்காலி உங்களுடையது மாமா. ஒன்று மட்டும் கேட்கிறேன். மூச்சு முட்டினால் நிறுத்துவீர்களா? இந்தத் தடவை நான் மணமகள். ஓடி வந்து பிடுங்க முடியாது.

உங்கள் சியாலா

❖

அஸ்கானா
நவம்பர் 3

திருமதி சியாலாவுக்கும், அவள் கணவன் என்ற உயர்ந்த பதவியை வகிக்கும் ஓதருக்கும்,

நீங்கள் போனதிலிருந்து ஊர் காலியாகிவிட்டது. அக்ரபீனா மிச்சமிருந்த வான்கோழியை வால்நட் குழம்போடு இன்னும் எனக்கே போட்டுக்கொண்டிருக்கிறாள். இப்போது நான் நடந்தால் வான்கோழி போலத்தான் சத்தம் வருகிறது.

நீ மணமகள் இடத்தில் தூரமாக உட்கார்ந்திருந்தாய். நடந்தது உனக்குப் பாதிதான் தெரிந்திருக்கும். மீதியை நான் சொல்கிறேன்.

சமாதானத்துக்கும் மணமக்களுக்கும் வாழ்த்துச் சொல்லும்வரை நான் சிங்கம். கூடாரத் துணி படபடத்ததே, அது காற்று இல்லை, நான். பிறகு, செத்துப்போனவர்களுக்கான வாழ்த்து வந்தது. கொம்பைத் தூக்கினேன். உன் அம்மா பெயரைச் சொன்னேன். அதே இடம் சியாலா, அன்றைக்கு நின்ற அதே வரி. நெஞ்சில் விருந்தாளி புரண்டு படுத்தான். மூச்சு அடியில் போய்விட்டது. நூற்றைம்பது முகம் என்னையே பார்க்கிறது. நீ பாதி எழுந்துவிட்டதையும் பார்த்தேன்.

பக்கத்தில் இரோதி தலை திருப்பாமல், உதடு அசையாமல், "விடுய்யா, நான் இருக்கேன்" என்றான்.

நான் கொம்பை நீட்டினேன். "அலாவெர்தி, இரோதி" என்றேன். நானாக.

அவன் எழுந்தான். முப்பது வருஷமாக அந்த நாற்காலிக்கு அலைந்தவன் என்னென்ன அள்ளி வீசப்போகிறானோ என்று நினைத்தேன். அவன் என்ன சொன்னான்? "இவன் தங்கச்சி காலைல பால் எடுத்துக்கிட்டுப் பாலத்துல வருவா. வந்து நின்னு சிரிப்பா. எங்க வாத்துங்க நீந்துறத நிறுத்திட்டுப் பாக்கும். எனக்கு இதுக்கு மேல சொல்லத் தெரியாது." அவ்வளவுதான். குடித்துவிட்டுக் கொம்பை நிரப்பி, "அலாவெர்தி, பொலிகார்ப்பே" என்று என்னிடமே திருப்பினான். அதற்குள் எனக்கு மூச்சு திரும்பியிருந்தது. முடித்தேன்.

அதன் பிறகு விருந்து முழுக்க அப்படித்தான் ஓடியது. பாதி நான், பாதி அவன். இரண்டு தலை வைத்த தமாதா என்று ஊர் பேசுகிறது. இது புதுப் பாணி என்று நினைத்து இளவட்டங்கள் இப்போதே பழகுகிறார்கள். ஆரோக்கியமான நுரையீரலை வைத்துக்கொண்டு பாவம், பாதியில் நிறுத்துகிறார்கள்.

இன்னொன்று. அந்த நிச்சயதார்த்த விஷயத்தை நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். அன்றைக்கும் நான் அலாவெர்திதான் கொடுத்தேன், இரோதிக்குத்தான் கொடுத்தேன். உன் கை கொஞ்சம் முந்திக்கொண்டது, அவ்வளவுதான். சரித்திரத்தில் இனி இப்படித்தான் இருக்க வேண்டும். இரோதியும் சாட்சி சொல்லச் சம்மதித்துவிட்டான்.

குளிர் இறங்கிவிட்டது. நேற்று முதல் கொஞ்சம் இருமல், கொஞ்சம் பச்சை. பயப்படாதே. கட்டிலைத் தயார் செய்துவிட்டோம். இரோதி கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

இதோடு ஜாடி வருகிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு, இந்த வருஷத்துத் திராட்சை எப்படி என்று எழுது.

உன் தாய்மாமன்
பொலிகார்ப்பே